நல்லமுத்து படித்த எண்பத்தேழு புத்தகங்கள்

மீனாட்சிபுரத்தில் தனபாலின் மாட்டுத் தொழுவத்தை ஒட்டிய அறையில் பதினோராயிரம் புத்தகங்கள் இருந்தன. ஒன்றைக்கூடக் கையால் தொட முடியாது. கரையான் அரிக்க முடியாது. பழைய பேப்பர்காரருக்கு எடை போடவும் முடியாது. எல்லாம் கம்ப்யூட்டருக்குள். தேயிலை, ஏலக்காய், தேங்காயெண்ணெய், மலைமேல் நாலு விடுதி என்று சகலத்திலும் கை வைத்திருந்த ஒரு பெரிய கம்பெனி, தன் ஒன்பதாயிரம் ஊழியர்களுக்காக நடத்திய இணைய நூலகம் அது. அதன் தலைவர், துணைத் தலைவர், புத்தகம் எடுத்துக் கொடுப்பவர், தூசி தட்டுபவர் எல்லாமே தனபால் ஒருவர்தான். அங்கே தூசி இல்லாததால் அந்த வேலையை மட்டும் மாடுகளுக்குச் செய்தார்.

முன்பு அந்த நூலகம் கொச்சித் தலைமை அலுவலகத்தின் இரண்டாம் மாடியில் நிஜமான அலமாரிகளோடு இருந்தது. ஐந்து வருடத்துக்கு முன் அதை மூடினார்கள். "எல்லாம் இனி ஃபோனிலேயே. நீங்கள் ஊருக்குப் போய் அங்கிருந்தே நடத்துங்கள்" என்றார்கள். தனபாலுக்கு வாய் காதுவரை போயிற்று. சொந்த ஊர், சொந்த வீடு, நாலு மாடு, மனைவி வனிதாவின் சமையல், மாதம் பிறந்தால் சம்பளம். இப்படியோர் உத்தியோகம் கடவுளுக்கே வாய்க்கவில்லை. அவர்கூடத் திருவிழாவுக்குத் திருவிழா வெளியே கிளம்ப வேண்டியிருக்கிறது.

அந்தப் பதினோராயிரத்தில் தமிழ்ப் புத்தகங்கள் இருநூற்றுப் பன்னிரண்டு. மிச்சமெல்லாம் எப்படித் தலைவனாவது, எப்படித் தலைவனாகவே இருப்பது, தலைவனாகிவிட்டவனை எப்படிச் சகித்துக்கொள்வது என்று ஆங்கிலத்தில். புத்தகங்களை வருட வாடகைக்குத் தரும் நிறுவனம் ஒரு விதி வைத்திருந்தது. ஒரு வருடத்தில் ஒரே ஓர் ஆளாவது இருபது நிமிடம் திறந்து படிக்காத புத்தகத்தை அடுத்த வருடப் பட்டியலிலிருந்து தூக்கிவிடுவார்கள். ஆங்கிலப் புத்தகங்களுக்குக் கவலையில்லை. பதவி உயர்வுக்குக் காத்திருக்கும் கொச்சிக்காரர்கள் அவற்றை இரவல் வாங்கி, திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்கள். தமிழ் படிக்க வேண்டியவர்கள் இடுக்கி மலைமேல் தோட்டத்திலும் தேயிலை ஃபேக்டரியிலும் இருந்தார்கள். நாள் பூராவும் கொழுந்து கிள்ளிவிட்டு வருகிறவர்களுக்கு இப்படி ஒரு நூலகம் இருப்பதே தெரியாது. தனபால் சுவரொட்டி அடித்து அனுப்பினார். அதை ஃபேக்டரிக் கழிவறைக் கதவின் உட்புறம் ஒட்டினார்கள் என்றும், நூலகத்தின் வரலாற்றிலேயே அதிகம் பேர் படித்தது அதுதான் என்றும் பிறகு தகவல் வந்தது.

அந்த இருநூற்றுப் பன்னிரண்டும் போய்விடும் என்று ஆனபோதுதான் தனபாலுக்குப் புத்தி குறுக்கே ஓடியது.

தோட்டத்து ஆட்கள் எல்லோருக்கும் கம்பெனியே கணக்குத் திறந்து வைத்திருந்தது. கடவுச்சொல் அவரவர் பணியாளர் எண். ஒருவரும் மாற்றவில்லை, கணக்கு இருப்பது தெரிந்தால்தானே மாற்றுவதற்கு! தனபால் தன் பழைய ஃபோனில் ஒருவர் கணக்கைத் திறந்தார், ஒரு புத்தகத்தை எடுத்தார், இருபது நிமிடம் பக்கம் தள்ளினார். புத்தகம் பிழைத்தது. ஒன்றைக் காப்பாற்றியவருக்கு இரண்டாவதைக் கைவிட மனம் வருமா? போன வருடம் ஜூலையில் ஆரம்பித்தது, அறுபத்து நாலு பேர் பெயரில் வண்டி ஓடியது. பத்து நாற்பதுக்கு ஒருவர், பதினொன்றே காலுக்கு இன்னொருவர் என்று பொள்ளாச்சி பஸ் மாதிரி நேரம் தவறாமல் வாசகர்கள் வந்துகொண்டிருந்தார்கள். ஃபோனைத் தொழுவத்துத் தீனித்தொட்டிச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு அவர் சாணி வாருவார். அந்தப் பக்கம் போகும்போதும் வரும்போதும் வனிதா ஒரு தள்ளு தள்ளுவாள். வேலந்தாவளம் சந்தையில் வாங்கிய செவலை மாடு ஒரு நாள் திரையை நக்கி ஒரே மூச்சில் நாற்பது பக்கம் முடித்தது. அவ்வளவு வேகமாக மனுஷ ஜாதியில் எவரும் படித்ததில்லை.

"ஏனுங்க, செவலை இப்பவெல்லாம் என்னைய ஒரு மாதிரிப் பாக்குதுங்க. நாலெழுத்துப் படிச்ச திமிரு" என்பாள் வனிதா.

அறுபத்து நாலு பேரிலும் தனபாலுக்குச் செல்லப்பிள்ளை ஒருவர் இருந்தார். நல்லமுத்து. தேயிலை ஃபேக்டரியில் இலையை உலர்த்தும் டிரையர் இயந்திரத்தின் ஆள். ஐந்து வருடத்தில் மலையிலிருந்து தானாக அழைத்த ஒரே மனிதர் அவர்தான். "சார், டிரையரப் பத்தித் தமிழ்ல புஸ்தகம் எதுவும் இருக்கா?" என்று கேட்டார். இல்லை. "இல்லாட்டி என்ன சார், கேட்டு வச்சேன்" என்று வைத்துவிட்டார். அந்தக் குரலிலிருந்த பணிவு தனபாலுக்குள் ஒட்டிக்கொண்டது. வாசகர் என்றால் இவரல்லவா வாசகர் என்று நெகிழ்ந்து, பத்து நாற்பது மணி வண்டியை நல்லமுத்துவுக்கே எழுதிவைத்தார். அந்த ஜூன் மாதத்துக்குள் நல்லமுத்து, தனக்கே தெரியாமல், எண்பத்தேழு புத்தகங்கள் படித்து முடித்திருந்தார்.

பதின்மூன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை, மலையிலிருந்து மின்னஞ்சல் வந்தது. அனுப்பியவர் தோட்டத்தின் மனிதவள அதிகாரி சுவக்கீன்.

ஆறாம் தேதி காலை பத்து ஐம்பதுக்கு டிரையரில் சூடு எகிறி ஒரு பேட்ச் தேயிலை முழுக்கக் கருகிப்போனது. அந்த வாடை எல்லை தாண்டி உடுமலைப்பேட்டை வரைக்கும் போய் அங்கே டீக்கடைக்காரர்களைத் தும்ம வைத்திருக்கும். வேலை நேரத்தில் நல்லமுத்து ஃபோன் பார்த்துக்கொண்டிருந்தார் என்று புகார். அவர் மறுக்கிறார். ஆனால் கம்பெனியின் நூலகப் பதிவு, அன்று பத்து நாற்பத்திரண்டிலிருந்து பதினொன்று ஆறு வரை அவர் புத்தகம் படித்ததாகச் சொல்கிறது. அன்று மட்டுமா? பதினோரு மாதமாக அதே நேரத்தில், வேலை நேரத்தில்! பதினெட்டாம் தேதி விசாரணை. வேலைநீக்கத்துக்குப் பரிந்துரை தயாராக இருக்கிறது. ஆகவே, மேற்படி பதிவு உண்மையானது என்று நூலகர் கையொப்பமிட்டு அனுப்பவும்.

தனபால் அதை ஏழு முறை படித்தார். எட்டாவது முறை எழுத்துக்கள் தெரியவில்லை.

மத்தியானம் சோற்றில் கை வைத்தார், எடுத்தார். வனிதா கத்தரிக்காய்ப் பொரியலை நகர்த்தி வைத்தாள். அதையும் தொடவில்லை. கத்தரிக்காயை வேண்டாம் என்று தனபால் சொன்னது அவர்கள் கல்யாணம் ஆன இருபத்தாறு வருடத்தில் அதுதான் முதல் தடவை. வனிதா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"காய்ச்சலுங்களா?"

"இல்ல."

"பின்ன யாருக்காச்சும் ஏதாச்சும் ஆயிப்போச்சுங்களா?"

"இன்னும் ஆகல" என்றார் தனபால்.

சாயங்காலம் ஃபோன் அடித்தது. பெண் குரல்.

"லைப்ரரி சாருங்களா? கக்கூஸ் கதவுல இருந்த நம்பரப் பாத்துப் போடுதேன். கோவிச்சுக்கிடாதீங்க. நான் பூமாரி. டிரையர் நல்லமுத்து வீட்டம்மா."

தனபால் எழுந்து நின்றுவிட்டார்.

"சொல்லுங்கம்மா."

"மெமோ கூட ஒரு லிஸ்ட் குடுத்திருக்காக சார். இவர் படிச்ச புஸ்தகமாம். எண்பத்தேழு. முப்பது வருசமா கூட இருக்கேன், எழுதப் படிக்கத் தெரிஞ்சும் இந்த மனுசன் மருந்துச் சீட்டைக்கூட என்கிட்டதான் குடுத்து வாசிக்கச் சொல்லுவாரு. கேட்டா, நான் படிக்கலை, படிக்கலைன்னு தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுதாரு. கம்பெனி குடுத்த இந்த லயத்துல ஒரு வீடு பாக்கியில்லாமச் சிரிக்காக. 'என்ன புரொபசர், குளிச்சாச்சா'ங்கிறாக. அதைக்கூட விடுங்க சார். லிஸ்ட்ல பன்னெண்டாவது என்ன தெரியுமா? விவாகரத்துச் சட்டம்."

தனபாலுக்கு அந்தப் புத்தகம் நன்றாக ஞாபகம் இருந்தது. நீல அட்டை. சட்டப் பிரிவில் அது ஒன்றுதான் தமிழில். பாவம், போய்விடுமே என்று காப்பாற்றினார்.

"நாலு நாள் நான் இவர்கூடப் பேசல. அப்புறம் தேதியப் பாத்தேன் சார். போன ஆகஸ்டு பத்தாந்தேதி. அன்னைக்கு நாங்க ஸ்கூல்ல கேம்ப்ல கெடந்தோம். உருள்பொட்டி, மலை சரிஞ்சு, ரோட்டையும் டவரையும் மண்ணு கொண்டுபோயிருச்சு. ஒன்பது நாள் ஃபோனும் இல்ல, கரண்டும் இல்ல. நனைஞ்ச போர்வையப் பிழிஞ்சு பிழிஞ்சு புள்ளைகளுக்குப் போத்திக்கிட்டு உக்காந்திருந்தோம். இவர் என் பக்கத்துலதான் இருந்தாரு. அப்ப எப்படி சார் இவர் புஸ்தகம் படிச்சிருப்பாரு? ஆபீசர்ட்ட கேட்டேன். முன்னாடியே டவுன்லோடு பண்ணி வச்சிருப்பாருன்னு சொல்லிட்டாரு. நீங்க புஸ்தகம் குடுத்த ஆளாச்சே. உங்களுக்குத் தெரியும்ல?"

அவள் சண்டைக்கு வரவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். அதுதான் தனபாலின் நெஞ்சில் ஏறி மிதித்தது.

"பாத்துச் சொல்றேனுங்கம்மா" என்றார்.

"பாருங்க சார். இன்னும் ரெண்டு வருசம் சர்வீஸ் இருக்கு அவருக்கு. வேலை போனா லயத்து வீட்டையும் ஒழிச்சுக் குடுக்கணும். எங்களுக்கு வேற வீடு கிடையாது."

வைத்துவிட்டாள். தனபால் கம்ப்யூட்டரைத் திறந்து அந்த ஒன்பது நாளைத் தேடினார். ஐந்து புத்தகங்கள். மலையே இடிந்து விழுந்திருந்தபோது, சேற்றில் ஆட்கள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, நல்லமுத்து இங்கே மீனாட்சிபுரத்துத் தீனித்தொட்டியில் நாற்பது வகைச் சட்னி செய்வது எப்படி என்று படித்திருக்கிறார். அந்த வாரம் தொலைக்காட்சியில் மண்சரிவைத் தனபாலும் பார்த்தார், உச்சுக் கொட்டினார். கொட்டிவிட்டு எழுந்து போய் ஃபோனில் பக்கம் தள்ளினார். அந்த மனுஷர் அந்தச் சேற்றுக்குள் இருக்கலாம் என்று ஒரு விநாடி, அரை விநாடி தோன்றியதா? இல்லை. அவருக்கு நல்லமுத்து ஒரு பணியாளர் எண். எண்ணுக்குக் குளிராது.

இரண்டு நாள் அவர் நடமாடினார் என்பதைவிட, அவரை யாரோ நடமாட வைத்தார்கள் என்று சொல்வதே பொருத்தம். பாலைச் சொசைட்டிக்குக் கொண்டுபோய் ஊற்றாமல் திருப்பிக் கொண்டுவந்தார். பல்துலக்கும் பசையை முகத்தில் தடவிக்கொண்டு சவரத்துக்கு உட்கார்ந்தார். ஞாயிற்றுக்கிழமை மாடுகளுக்குத் தண்ணீர் காட்டும்போது வனிதா வாளியைக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்தாள். அப்படி அவள் நின்றால் சொல்லாமல் தீராது. சொன்னார். மின்னஞ்சலிலிருந்து சட்னி வரைக்கும் சொன்னார்.

"அட கெரகமே" என்றாள் வனிதா. கொஞ்ச நேரம் செவலையின் கழுத்தைத் தடவினாள். "ஆறாந்தேதி வெள்ளிக்கிழமைங்களே?"

"ஆமா."

"அன்னைக்கு நீங்க மாட்டுக்கு ஊசி போடற டாக்டரைக் கூட்டியாரப் போயிட்டீங்கல்ல. ஃபோனைத் தள்ளுனது நானாக்கும். சாணிக் கையில புறங்கையால தள்ளுனேன். எம்பேரையும் சேத்துச் சொல்லிப்போடுங்க."

"உம்பேரு எதுக்கு வனிதா அதுல?"

"அந்தப் பொம்பளை நாலு நாளு புருசன்கூடப் பேசாம இருந்திருக்கறா. அதுல ரெண்டு நாளு என்ற கணக்குங்க."

"சொன்னா என்ற வேலை போயிருமே. லைப்ரரியவே மூடிப்போடுவாங்க. அத்தன புஸ்தகமும் போயிரும்."

"புஸ்தகம் போனாப் போயிட்டுப் போகுது. அதுகளுக்கு லயத்து ஊடா பாழாப் போகுது?" வாளியை எடுத்துக்கொண்டு வனிதா நகர்ந்தாள். ரெண்டடி போய்த் திரும்பினாள். "கையெழுத்துக் கிய்யெழுத்துப் போட்டுப்போட்டு வந்தீங்கன்னா, கத்தரிக்காய் இனி நீங்களே வதக்கிக்கோங்க."

பதினெட்டாம் தேதி விடிவதற்குள் தனபால் பஸ் ஏறினார். மஞ்சள் பைக்குள் பழைய ஃபோன். பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு செக்போஸ்ட், மறையூர் என்று வண்டி ஏற ஏற, வளைவுக்கு ஒரு சாக்கு அவர் மனதில் முளைத்தது. எழுத்து மூலம் சொன்னால் போதாதா? பாதி உண்மை சொன்னால் ஆகாதா? இயந்திரக் கோளாறு என்று பழியைக் கம்ப்யூட்டர் மேல் போட்டால் அது வாய் திறக்கவா போகிறது? மறையூருக்கு மேல் குளிர் பிடித்தது. நூறு வளைவுக்கு நூறு சாக்கு முளைத்து, ஒவ்வொன்றாக ஜன்னல் வழியே விழுந்தும் போனது. தோட்டத்து ஆபீஸ் வாசலில் இறங்கியபோது பையையும் ஃபோனையும் தவிர அவரிடம் ஒன்றும் மிச்சமில்லை.

விசாரணை அறையில் சுவக்கீன் மேசைக்கு அந்தப் பக்கம். சின்ன வயது, இஸ்திரி கலையாத சட்டை. இந்தப் பக்கம் ஒடிசலாக, காதோரம் நரைத்த ஒருவர் தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார். அதுதான் நல்லமுத்து. எண்பத்தேழு புத்தகம் படித்த மனிதரைத் தனபால் அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தார்.

"நேர்லயே வந்துட்டீங்களா! மெயில் போதுமே சார்" என்றார் சுவக்கீன். "இங்க ஒரு கையெழுத்து."

"போட முடியாதுங்க. பதிவு பொய்."

"சிஸ்டம் எப்படிங்க பொய் சொல்லும்?"

"சிஸ்டம் சொல்லல. நான் சொன்னேன். அவர் ஒரு புஸ்தகமும் படிக்கலீங்க. அவர் பேர்ல நான்தான் எங்க மாட்டுத் தொழுவத்துல வெச்சுப் பக்கம் தள்ளுனேன்."

நல்லமுத்துவின் கையில் தொப்பி நின்றுவிட்டது. சுவக்கீன் சிரித்தார்.

"சார், யூனியன்காரங்க உங்களைப் பிடிச்சு அனுப்பினாங்களா? மாட்டுத் தொழுவமாம்!"

தனபால் பழைய ஃபோனை மேசைமேல் வைத்தார். நல்லமுத்துவின் பணியாளர் எண்ணை அடித்தார். கடவுச்சொல்லுக்கும் அதையே அடித்தார். எண்பத்தேழு புத்தகங்களும் வரிசையாக வந்து நின்றன. சுவக்கீன் எட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "அவரே உங்களுக்கு நம்பரைக் குடுத்திருக்கலாமே."

"சரிங்க" என்றார் தனபால். இன்னோர் எண்ணை அடித்தார். ஃபோனைத் திருப்பிக் காட்டினார். "இது யார் கணக்குன்னு பாருங்க."

மேலே பெரிய எழுத்தில் இருந்தது: சுவக்கீன். அதன் கீழே மூன்று புத்தகங்கள். கோபத்தை அடக்குவது, சிறுநீரகக் கல், வீட்டிலேயே காளான் வளர்ப்பு.

"இந்த மூணும் நீங்க படிச்சீங்களா சார்?"

சுவக்கீனின் முகம் வெயிலில் வைத்த மெழுகாகச் சரிந்தது. வருடக் கடைசியில் நூலகம் கம்பெனி மின்னஞ்சல் உள்ளவர்களுக்கு ஒரு சான்றிதழ் அனுப்பும்: இந்த ஆண்டு நீங்கள் படித்தவை இத்தனை, வாழ்த்துக்கள். தமிழில் மூன்று புத்தகம் படித்ததாக வந்த அந்தச் சான்றிதழை, எப்படி வந்தது என்று கேட்காமல், அவர் தன் பதவி உயர்வு விண்ணப்பத்தோடு பின் அடித்துக் கொச்சிக்கு அனுப்பியிருந்தார். அது அந்த அறையில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். ஆனால் அவர் காது சிவந்ததைப் பார்த்தால் வால்பாறை வரைக்கும் தெரிந்திருக்கும்.

பிறகு சுவக்கீன் மெதுவான குரலில், "டிரையர் பழுதுப் புத்தகத்தை எடுத்துட்டு வரச் சொல்லுங்க" என்றார். சூடு காட்டும் முள் சிக்கி நிற்கிறது என்று நல்லமுத்து மே மாதத்தில் இரண்டு முறை எழுதி வைத்திருந்தார். அதுவரை அந்தப் பக்கத்தை யாரும் திறக்கவில்லை. படிக்கப்படாத எழுத்து கம்பெனியில் வேறு இடத்திலும் இருந்தது.

நாலு மணிக்கு மெமோ ரத்தானது. நாலரைக்குக் கொச்சியிலிருந்து தனபாலுக்குத் தகவல் வந்தது: இடைநீக்கம். மறுநாள் மதியம் பன்னிரண்டு மணிக்கு அவர் நுழைவுரிமை நின்றுபோகும். நூலக ஒப்பந்தம் முப்பதாம் தேதியோடு முடியும், புதுப்பிக்கப்படாது.

வாசலில் பூமாரி நின்றிருந்தாள். நல்லமுத்து அவளிடம் நாலு வார்த்தை சொன்னார். அவள் தனபாலை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். தனபால் கும்பிட்டார். கும்பிட்ட கை இறங்க வழி தெரியாமல் அப்படியே நின்றது.

"என்னைய மன்னிச்சுப்போடுங்க."

"அதுக்கு ஏன் சார் இவர் பேரு?" என்றாள் பூமாரி. "ஊர்ல வேற பேரே கெடைக்கலையா?"

"இவர்தான் ஒருக்கா கூப்பிட்டுப் புஸ்தகம் கேட்டாருங்க. அதுல ஒரு பிரியம்."

"நல்ல பிரியம்!" என்றாள் அவள். "பகையாளியாவது பரவாயில்ல, இன்ன இடத்துல நிக்கான்னு தெரியும்."

நல்லமுத்து முன்னால் வந்தார். "சார், மெமோவைப் பெரட்டுல வச்சு வாசிச்சாக."

பெரட்டு என்பது காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கும் இடம். தோட்டத்தில் ஒருவருக்கு நல்லதோ கெட்டதோ, அங்கே சொன்னால்தான் சொன்னது.

"ரூமுக்குள்ள ரத்து பண்ணுனா அது ஆபீசுக்குத் தெரியும். லயத்துக்குத் தெரியாது. நாளைக்குக் காலையில நீங்க பெரட்டுல நின்னு சொல்லணும். நான் படிக்கலைன்னு, எல்லாரும் கேக்க."

"சொல்றேனுங்க."

"ராத்திரி கேன்டீன்ல படுத்துக்கோங்க. வீட்டுக்குக் கூப்பிட மாட்டேன்" என்றார் நல்லமுத்து. அதில் கோபமும் இல்லை, மழுப்பலும் இல்லை.

காலை ஏழேகால். மஞ்சு மூட்டம் இறங்கி நின்றது. நூற்று நாற்பது பேர், குளிருக்குத் தலைமேல் போர்த்திய கொங்காணி, இடுப்பில் சாக்கு. சூப்ரவைசர் ஒதுங்கி வழிவிட்டார். தனபால் வாழ்நாளில் மேடை ஏறியதில்லை.

"நல்லமுத்து அண்ணன் ஒரு புஸ்தகமும் படிக்கல" என்று ஆரம்பித்தார். பின்வரிசைக்குக் கேட்கவில்லை. மறுபடியும் சொன்னார். "ஒரு பக்கம்கூடப் படிக்கல. எல்லாம் நான் பண்ணுன திருட்டுத்தனம்."

நல்லமுத்து நெஞ்சை நிமிர்த்திச் சுற்றிலும் பார்த்தார். தான் ஒன்றும் படிக்காதவன் என்று ஊரறிய அறிவித்ததற்கு இத்தனை பெருமைப்பட்ட மனிதரைத் தனபால் அதற்கு முன் கண்டதில்லை. பூமாரி அவருக்கு அருகே நகர்ந்து நின்றாள்.

"இவர் பேர் மட்டுமில்லீங்க" என்றார் தனபால். இதைச் சொல்லச் சொல்லி யாரும் கேட்கவில்லை. "உங்கள்ல அறுபத்து ரெண்டு பேர் பேர்லயும் எடுத்திருக்கறேன். போன ஆகஸ்டுல நீங்க கேம்ப்ல இருந்த ஒன்பது நாளும் எடுத்தேன். எனக்கு அப்பத் தோணவே இல்லீங்க."

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள். ஒரு கிழவர் மண்ணைப் பார்த்தார். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு பஸ் ஏறியிருப்பார். ஒருவரும் திட்டவில்லை.

"என் பேர எடுத்துருங்க" என்றார் நல்லமுத்து. தனபால் ஃபோனை எடுத்தார். நீக்கவா என்று கேட்டது. அழுத்தினார். நல்லமுத்து திரையைக் குனிந்து பார்த்து உறுதி செய்துகொண்டு, திரும்பிப் பார்க்காமல் ஃபேக்டரியை நோக்கி நடந்தார். அவருக்கு டிரையர் போட நேரமாயிற்று.

பின்னாலேயே ஒரு வரிசை. பேர் சொன்னார்கள், அவர் நீக்கினார். பதினோரு மாதமாக எண்களாக இருந்தவர்களுக்கு இன்று மூக்குத்தி இருந்தது, இருமல் இருந்தது, கையில் தேயிலைக் கறை இருந்தது. ஒவ்வொரு முகத்தையும் நிமிர்ந்து பார்க்க அவருக்கு ஒவ்வொரு முறையும் தைரியம் தேவைப்பட்டது. சூப்ரவைசர் இரண்டாவது விசில் ஊதினார்.

கடைசியில் ஓர் இளம்பெண். "மாரீஸ்வரி."

தனபால் விரலை நீட்டினார்.

"இருங்க சார், எடுக்காதீங்க. என் பேர்ல என்ன படிச்சீங்க?"

பார்த்தார். "ஒரு நாவலுங்கம்மா. கடலுக்குப் போன அப்பனைத் தேடிப் போற ஒரு பொண்ணோட கதை."

"முடிச்சேனா?"

"பாதியில நிக்குது."

"அப்பா கெடைச்சாரா?"

"எனக்குத் தெரியாதுங்க" என்றார் தனபால். அதைச் சொல்லும்போது அவர் தலை தானாகக் குனிந்தது. "நானும் படிச்சதில்ல."

மாரீஸ்வரி கொங்காணிக்கு அடியிலிருந்து தன் ஃபோனை எடுத்தாள். கண்ணாடி கீறல் விழுந்த ஃபோன். "எப்படித் தொறக்கணும்னு காட்டுங்க. என் பேர்ல பாதி கெடக்குல்ல, மீதிய நான் பாத்துக்கிடுதேன்."

காட்டிக் கொடுத்தார். புதுக் கடவுச்சொல்லை அவளையே போடச் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் ஃபோனை இடுப்பில் செருகினாள்.

"அம்மிணி" என்றார். சொல்லாமல் விட்டுவிடலாம் என்று ஒரு நினைப்பு வந்தது, அதையும் விழுங்கினார். "முப்பதாந்தேதி லைப்ரரிய மூடறாங்க. என்னாலதான். அதுக்குள்ள முடிச்சாத்தான் உண்டு."

அவள் விரல் விட்டு எண்ணினாள். "பதினோரு நாளு."

"ஆமாங்க."

"ஞாயிறு ரெண்டுதான் வருது" என்று சொல்லிவிட்டு, மாரீஸ்வரி மலையேறும் வரிசையின் கடைசியில் போய்ச் சேர்ந்துகொண்டாள்.